ஆத்தா பாட்டு இருந்த பென் டிரைவ்

என் மச்சானைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். மைக் செட் வைத்திருப்பவனைப் பற்றி யார் கெட்ட விதமாகச் சொல்வார்கள்? சாவுக்கும் அவன் வேண்டும், சடங்குக்கும் அவன் வேண்டும். என் மனைவிக்கு நேர் இளையவன். எனக்கு அவனைப் பிடிக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்தே பிடிக்காது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் மனதுக்குள்ளேயே திட்டிப் பழகிவிட்டேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

போன ஆடி மாதம் என் மகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. காஞ்சிபுரத்தில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை, வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், திங்கட்கிழமை காலை சேர வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் என் மச்சான் ராஜகுளத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தான். பையனுக்கு என்ன வேலை என்று கேட்டால், "ராஜா மாதிரி கீறான்" என்பான். அது ஒரு வேலையா என்று நான் கேட்கவில்லை, மனதுக்குள் கேட்டதோடு சரி. என் மகள் அவள் அம்மாவிடம் ஒரு பேச்சு முடித்து வைத்திருந்தாள். வேலையில் சேர்ந்துவிட்டால் இரண்டு வருஷம் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. சேரவில்லை என்றால் ராஜகுளத்துக்காரர்கள் ஆவணியில் வந்து பார்க்கலாம்.

கம்பெனிக்காரர்கள் ஒரு புரோகிராமை அனுப்பி லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். லேப்டாப் தகுதியானதா என்று அது சோதிக்குமாம். மகளைச் சோதித்து முடித்துவிட்டார்கள், அவளிடம் குறை ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் லேப்டாப்பைப் பிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் லேப்டாப் காஞ்சிபுரத்தில் யாரோ வைத்திருந்து விற்றது. மூடியின் ஒரு மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். புரோகிராம் ஓடி முடித்துச் சிவப்பில் ஒரு வரி காட்டியது.

"இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்டேன். வீட்டுக்குள் எனக்குக் குரல் வரும்.

"பயாஸ்னு ஒண்ணு கீதுப்பா. லேப்டாப்ப ஆன் பண்ணா மொதல்ல எழுந்துக்கறது அதான். அது எழுந்து மத்தத எழுப்பும். அது ரொம்பப் பழசாம். புதுசு ஏத்தினாதான் சேத்துப்பாங்களாம்."

"எப்போ ஏத்தணும்?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சி மணிக்குள்ள. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்ட்டுக்குவாங்க."

லேப்டாப்பிலிருந்தே நேராக ஏற்றும் வழி ஒன்று இருந்தது. அதை அவள் வெள்ளிக்கிழமையே செய்து பார்த்தாள். பாதியில் நின்று ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு முதல் இடத்துக்கே திரும்பிவிட்டது. மீதி இருந்த ஒரே வழி பென் டிரைவ். ஃபைலை அதில் போட்டு, லேப்டாப்பில் சொருகி, ஆன் ஆகும்போதே ஒரு பட்டனைத் தட்டி, அந்த பயாஸுக்குக் காட்ட வேண்டும். அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் பென் டிரைவ் இல்லை. சனிக்கிழமை அவளோடு உத்திரமேரூர் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரன் எங்களைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான்.

"பெரியவரே, செருப்ப வெளிய வுடுங்க."

உள்ளே நின்ற மற்ற எல்லோரும் செருப்போடுதான் நின்றார்கள். நான் வெளியே விட்டுவிட்டு வந்தேன். அவன் மேஜையில் ஒரு கீபோர்டு இருந்தது. ஊதுபத்திச் சாம்பல் விழுந்து விழுந்து அதன் எழுத்துகளே தெரியவில்லை. சாமி படத்துக்கு நேர் கீழே கீபோர்டை வைத்திருந்தால் அப்படித்தான்.

மகள் விஷயத்தைச் சொன்னாள். அவன் போனைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"பயாஸ் அப்டேட்டா? அதெல்லாம் பண்ணக் கூடாதும்மா. போர்டு பூடும்."

"கம்பெனில கேக்கறாங்க சார்."

"கேப்பாங்க. அவங்களுக்கு இன்னா? வச்சிட்டுப் போ. புதன்கிழம பாக்கலாம்."

"நாளைக்குள்ள ஆவணும் சார். பென் டிரைவ் மட்டும் இருந்தா குடுங்க, நானே பண்ணிக்கறேன்."

அப்போதுதான் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீயே பண்ணிக்குவியா? பெரியவரே, போர்டு பூட்டுச்சினா இங்க எடுத்துனு வராதீங்க." பென் டிரைவ் ஸ்டாக் இல்லையாம், திங்கட்கிழமை வருமாம். லேப்டாப்பின் மூடியைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை. நாடி பிடிக்காமலே செத்துவிடுவான் என்று சொல்லும் வைத்தியனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரில் இருந்த இன்னொரு கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. ஆடிக் கூழுக்காக முதலாளி ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். எங்கள் ஊர் வழியாகப் பெருநகர் போகும் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டோம்.

வழியில் மகள்தான் சொன்னாள். "மாமாகிட்ட பென் டிரைவ் கீதுப்பா. செட்டுல சொருகி வச்சிருப்பாரே."

எனக்கு பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். வேப்ப மரத்தில் கட்டியிருந்த மச்சானின் குழாய் ஸ்பீக்கர், விடிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்காது. அம்மனுக்குக் காது கேட்காது என்று இவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. மதியம் கூழ் வார்த்து முடிந்ததும் குழாய் நின்றது. மறுபடி பாட்டு சாயங்காலம் ஊர்வலத்துக்குத்தான். என் மனைவி கோயிலில் அவனைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி அழைத்துக்கொண்டு வந்தாள்.

வரும்போதே வாசலில் குரல் கேட்டது. "இன்னா மாமா, பாப்பாவுக்கு லேப்டாப்பு பேஜாராமே? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நான் இன்னாத்துக்கு கீறேன்?"

நான் சிரித்தேன். அவனிடம் எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

நெற்றி முழுக்கக் குங்குமம். கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினான். அதில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

"இது கடையில விக்கற பென் டிரைவ் மாதிரி இல்ல. ஆடி ஒண்ணாந்தேதி ஆத்தா காலாண்ட வச்சி, பூஜ போட்டு எடுத்தது. இந்த வருசம் எந்த ஊருல சொருகினாலும் ஒரு வாட்டிகூட நின்னதில்ல."

மகள் வாங்கிச் சொருகினாள். லேப்டாப் ஒன்றும் காட்டவில்லை. அவன் பிடுங்கி வாயால் ஊதிவிட்டுச் சொருகினான். அப்போதும் காட்டவில்லை. திருப்பிச் சொருகப் பார்த்தான், அது போகவில்லை. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சொருகுகிற வாயில், தகட்டுக்குள்ளேயே சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. சாமிக்குப் பொட்டு வைக்கிறவன் வாய்க்குள்ளா வைப்பான்? இவன் வைத்திருக்கிறான். அவள் ஊசி எடுத்து மெல்லச் சுரண்டினாள்.

"ஏய், பொட்ட சொரண்டாதடி! பூஜ போட்டது," என்றாள் என் மனைவி.

"வாய்க்குள்ள கீறத எடுக்கறேன்மா. மேல கீறது அப்டியேதான் கீது."

இந்த முறை லேப்டாப் பென் டிரைவைக் கண்டுகொண்டது. உள்ளே அம்மன் பாட்டாக அடுக்கியிருந்தது. அதற்கு நடுவில் அவள் தன் ஃபைலைப் போட்டாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பட்டனைத் தட்டித் தட்டி அந்த இடத்துக்குப் போனாள். நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. ஃபைலும் இல்லை, பாட்டும் இல்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் வெறும் நீலம்.

மச்சானுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. எதுவும் நடக்காத இடத்தில்தான் அவனுக்கு யோசனைகள் வரும். லேப்டாப்பைத் தெற்குப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். அடுத்த பக்கத்து ஓட்டையில் சொருகச் சொன்னான். கம்பெனி முதலாளிக்கு நேராகப் போன் போட்டுத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். கடைசியில் வழக்கம்போல லேப்டாப்பைப் போடச் சொல்லி, அதில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டான். பாட்டு நன்றாகவே பாடியது.

"பாத்தியா? எப்டிப் பாடுது! பென் டிரைவ் மேல தப்பே இல்ல. உன் லேப்டாப்புதான் டுபாக்கூரு."

மகள் தன் போனில் லேப்டாப் கம்பெனியின் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"பென் டிரைவுக்குள்ள அடுக்கற முறைன்னு ஒண்ணு கீதுப்பா. பல தினுசு கீது. லேப்டாப்பு முழுசா எழுந்ததும் எந்த தினுசயும் படிக்கும். பயாஸுக்கு அவ்ளோ தெரியாது. ஃபேட் தர்ட்டிடூன்னு பழைய தினுசு மட்டுந்தான் படிக்கும். இது வேற தினுசுல கீது. அதான் அதுக்கு ஒண்ணும் தெரியல."

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆபீஸில் ஒருவர் இருந்தார். விண்ணப்பத்தைக் குறுக்கே மடித்துக் கொடுத்தால்தான் வாங்குவார். நெடுக்கே மடித்தால் அது அவர் கண்ணுக்கே தெரியாது. அந்த ஆளைத்தான் லேப்டாப்புக்குள் முதலில் எழுந்திருக்க வைத்திருக்கிறார்கள்.

"வேற தினுசுக்கு மாத்தினது நான்தான்," என்றான் மச்சான், மார்பைத் தட்டி. "போன வருசம் தீமிதி வீடியோ ஏத்தணும்னு. பெரிய ஃபைலு, பழைய தினுசுல ஏறல. காஞ்சிபுரத்துல கேட்டு நானே மாத்திக்கினேன். அந்த வீடியோ இப்ப இதுல இல்ல."

"அப்ப அத ஃபார்மட் பண்ணி மறுபடி பழைய தினுசுக்கு மாத்தணும் மாமா."

"பண்ணு. அதுக்கு இன்னா?"

"உள்ள கீறது எல்லாம் அழிஞ்சிடும்."

கட்டிலிலிருந்து அவன் எழுந்துவிட்டான். "அழிக்கறதா? ஆடி மாசத்துல? கூழு ஊத்தின அன்னிக்கி ஆத்தா பாட்ட அழிக்கறதா?"

"வாயக் கழுவுடி," என்று என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வூட்டுக்கு ஆவாது."

"பாட்ட லேப்டாப்புல எடுத்து வச்சிக்கறேன்மா. வேல முடிஞ்சதும் திருப்பிப் போட்டுட்றேன். ஒரு பாட்டுகூடப் போவாது."

"எடுத்து வச்சா அது வேற பாட்டு பாப்பா. பூஜ போட்டது இதுல கீறதுக்குத்தான். அது மட்டுமா? உன் லேப்டாப்பே பூட்டுச்சினா? அந்தக் கடைக்காரன் பூடும்னு சொன்னானாமே. சாயங்காலம் ஊர்வலத்துக்கு நான் இன்னா வாயாலயா பாடறது?"

பாட்டை வேறு எதிலாவது எடுத்து வைக்கலாம் என்றால் போனில் இடமில்லை, வேறு பென் டிரைவும் இல்லை. அன்றைக்கு அவன் பேசியதில் அந்தக் கடைசி வார்த்தையில் மட்டும் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பூஜையையும் ஆத்தாவையும் முன்னால் நிறுத்திவிட்டு, ஊர்வலத்துக்கு வாடகை பேசி ஒத்துக்கொண்ட வேலையைப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். ஒரு மனிதன் தன் பயத்தைக்கூட நேராகச் சொல்லத் தெரியாமல் சாமியைக் கூப்பிட்டு அதன் பின்னால் நின்றால் அவனை என்ன செய்வது?

பேச்சு அதோடு நின்றது. என் மனைவி மாவிளக்குத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். போகும்போது, "வுடுடி. உனக்குன்னு இருந்தா தானா வரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜகுளத்தைத்தான் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும். மச்சான், "அஞ்சரைக்கு எழுப்பு பாப்பா," என்று கட்டிலில் சாய்ந்தான். கூழும் கருவாட்டுக் குழம்பும் அவனை உடனே அடித்துப் போட்டன. குறட்டை அவன் குழாய் மாதிரியேதான் இருந்தது.

பென் டிரைவ் லேப்டாப்பிலேயே சொருகியிருந்தது.

மகள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், நாலு தாண்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அழி," என்றேன்.

"இன்னாப்பா?"

"அழிச்சிடு."

அவள் பாட்டுகளை லேப்டாப்புக்குள் எடுத்து வைத்தாள். ஒன்றைத் தட்டி, சத்தத்தைக் குறைத்து, பாடுகிறதா என்று பார்த்தாள். பிறகு ஃபார்மட் என்ற இடத்தில் வைத்து என்னை மறுபடி பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். தீமிதிப் பாட்டு, தாலாட்டு, வேப்பிலைப் பாட்டு எல்லாமே ஒரு தும்மல் போடும் நேரத்தில் காலியாகிவிட்டன. வானம் இடியவில்லை. கட்டிலில் குறட்டைகூட நிற்கவில்லை.

ஃபைலை மட்டும் போட்டு, சார்ஜர் வயரை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். அதே நீலப் பக்கம் வந்தது. இப்போது அதில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த மடிப்புப் பார்க்கிற ஆபீசருக்குக் கண் தெரிந்துவிட்டது. அவள் எழுந்து நின்றுகொண்டு பட்டனைத் தட்டினாள். பாதியில் நிறுத்தக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை வந்ததாக எனக்குப் படித்துச் சொன்னாள். ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. நிரம்பியதும் திரை கறுத்துவிட்டது. உள்ளே காற்றாடி மட்டும் இரைந்தது.

அந்தச் சத்தத்தில் மச்சான் விழித்துக்கொண்டான். மாடு கத்தினால் எழ மாட்டான், இதற்கு எழுந்தான். கறுத்த திரையைப் பார்த்தான்.

"நின்னுடுச்சி! அப்டியே வச்சிருக்கீங்க? பட்டன அமுக்கி ஆஃப் பண்ணு பாப்பா. ஆஃப் பண்ணிப் போட்டா வந்துரும். என் செட்டுக்கு அதான் பண்ணுவேன்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தொடாத."

"இன்னா மாமா, கையப் புடிக்கற?"

"தொடாதன்னு சொன்னேன். கைய எடு."

அவன் கையை எடுத்தான். கோபப்படவில்லை. என் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக அவன் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்சம் பயந்துவிட்டான் என்று நினைக்கிறேன். பிறகு அவனுக்கே மெதுவாக உறைத்தது.

"பாட்டு எங்க பாப்பா?"

"உள்ள கீது மாமா."

"எதுக்குள்ள?"

அவள் கறுப்புத் திரையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். தன் நெற்றியிலிருந்த குங்குமத்தைக் கட்டை விரலால் வழித்து, லேப்டாப்புக்குப் பிளாஸ்திரி ஒட்டிய மூலையில் ஒரு பொட்டு வைத்தான். காற்று வெளியே வருகிற ஓட்டைப் பக்கம் இன்னொரு பொட்டு வைக்கப் போனான். மகள் கையைக் குறுக்கே வைத்துவிட்டாள். "ஆத்தா, தாயே, ஒரு கொறையும் வெக்காத," என்று முணுமுணுத்தான். தன் பாட்டுக்கு வேண்டிக்கொண்டானா, அவளுடைய வேலைக்கு வேண்டிக்கொண்டானா என்று கேட்டால், அந்தக் கம்மனாட்டிக்கே தெரிந்திருக்காது.

திரையில் லேப்டாப் கம்பெனியின் அடையாளம் வந்தது. உடனே மறுபடி கறுத்தது. மகள் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். காற்றாடி நின்றது, மறுபடி இரைந்தது. நான் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். பிறகு வழக்கமான வெளிச்சம் வந்தது, அவள் சின்ன வயதுப் படத்தோடு. அவள் முதலில் பார்த்தது பாட்டு இருக்கிறதா என்றுதான். "கீது மாமா," என்று சொல்லிவிட்டுத்தான் சென்னைக் கம்பெனியின் புரோகிராமை ஓட்டினாள். சிவப்பு வரி இருந்த இடத்தில் பச்சை வந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

"வந்துடுச்சிப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாட்டுகளைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். மச்சான் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சாமி இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோயிலில் கற்பூரம் காட்டிவிட்டுச் சொருகுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் ஊர்வலத்தில் குழாய் கத்தியது. காலையில் பாடிய அதே பாட்டுகள்தான். அழிந்து திரும்பி வந்த பாட்டு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் மனைவிக்குச் சாமிகூட வந்தது.

திங்கட்கிழமை காலை மகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். வாசலில் மச்சான் வந்து நின்றான். பின்னால் என் மனைவி. அவள் முகத்தில் இன்னும் ராஜகுளம் இருந்தது.

"டேய், அவங்களுக்கு இன்னா சொல்றது?" என்றாள் தம்பியிடம்.

"ரெண்டு வருசம் ஆவட்டும்னு சொல்லு," என்றேன் நான். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். மைக் செட்டுக்காரனுக்குப் போனில்கூட மெதுவாகப் பேச வராது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ராஜகுளத்தோடு பேசினான்.

"ஆமாங்க, சென்னக் கம்பெனி. இன்னிக்கிதான் சேந்துச்சி. லேப்டாப்புல சின்னப் பிரச்சன, இந்த உத்திரமேரூர் கடைக்காரன்லாம் கைய விரிச்சிட்டான். நான்தான் நம்ம பென் டிரைவ் ஒண்ணு போட்டு உள்ள எல்லாத்தையும் அழிச்சி, புதுசா ஏத்திக் குடுத்தேன். அட, கல்யாணமா? அதுக்கு இப்ப அவசரமே இல்லங்க. ரெண்டு வருசம் போவட்டும். நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அழித்தது அவனாம். நான் சிரித்தேன், அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். அவன் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது காதில் விழுந்ததும் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.